ஃபூஸ்பால்ல மனசை விட்டுப் போகாத ஒரு ஆட்டம் – உங்களுக்கும் இருக்கா?

மத்தியகைலாஷ் மாப்ள · இரவு 9:10

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். சிறுசேரில எங்க பிளாக் கஃபேட்டீரியா பக்கத்துல ஒரு ஃபூஸ்பால் டேபிள் இருந்துச்சு. அதான், கம்பில கோத்த பொம்மைங்களைக் கைப்பிடியால திருப்பி, பந்தை எதிராளி கோல்ல அடிக்கற ஆட்டம். மூணு வருஷம் அதுல நான்தான் ராஜா. டெக்னிக்லாம் ஒண்ணும் கிடையாது. கோல் அடிக்கற என் மூணு ஆள் கம்பிகிட்ட பந்து வந்தா போதும், மணிக்கட்டை ஒரு முறுக்கு முறுக்கி விட்டுடுவேன். பொம்மை நாலு சுத்து சுத்தும், பந்து எங்கயோ பட்டு எங்கயோ போய் கோல்ல விழும். டேபிள் ஆடற ஆட்டத்துல ஓரத்துல வச்ச டீ கப் நகரும். எதிர்ல நிக்கிறவன் பாதி பயத்துலயே தோத்துடுவான்.

2018 கடைசில ஆன்சைட்டுக்கு ஷ்டுட்கார்ட் போனேன். முதல் வாரமே டீமோட ஒரு பாருக்குப் போனோம். மூலைல டேபிள். அங்க அதுக்கு 'கிக்கர்'னு பேரு. எங்க லீடு என்னைப் பத்தி ஓவரா பில்டப் கொடுத்துட்டான். எதிர்ல வந்தவருக்கு அறுபது வயசு இருக்கும், முழங்கை தேஞ்ச ஸ்வெட்டர், கைல இருந்த பீர் கிளாஸை ஜன்னல் திண்டுல வச்சுட்டு வந்தார். முதல் பந்துலயே வழக்கம்போல சுத்தினேன். அவர் ஆட்டத்தை நிறுத்திட்டு என் கம்பி மேல ரெண்டு விரலை வச்சு ஜெர்மன்ல என்னமோ சொன்னார். "சுத்தக் கூடாதாம்டா"ன்னான் லீடு. அவ்வளவுதான். அதுக்கு மேல என்கிட்ட சரக்கே இல்ல.

6-0.

தோத்தது கூட பரவால்ல. அந்த ஊர்ல ஒரு வழக்கம் இருக்கு, ஒரு கோல் கூட போடாம தோத்தா டேபிளுக்கு அடில தவழ்ந்து அந்தப் பக்கம் போகணும். போனேன். பாதி வழில சட்டைப் பையிலேர்ந்து ஐடி கார்டு விழுந்துடுச்சு, இருட்டுல தடவிட்டு இருக்கேன். பெரியவர் எனக்காகக் காத்திருக்கல, அடுத்த ஆளோட ஆட ஆரம்பிச்சுட்டார். தலைக்கு மேல பலகை. அப்பதான் கவனிச்சேன். அவரோட நடு வரிசை அஞ்சு ஆள் கம்பிலேர்ந்து பந்து கிளம்பும்போது 'டக்'னு ஒரு சத்தம். மூணு ஆள் கம்பில போய்ச் சேரும்போது சத்தமே இல்ல. பந்து காணாமப் போன மாதிரி. ரெண்டு மூணு நொடி அமைதி, அப்புறம் கோல் பலகைல 'தடால்'. மறுபடி டக், அமைதி, தடால்.

நம்ம ஆபீஸ்ல பாஸ் பண்ணா டக்-டக்னு ரெண்டு சத்தம் வரும், பந்து முட்டிட்டு எதிராளிகிட்டயே போயிடும். அந்த மனுஷன் எப்படி அதை அமுக்கினார்? இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் அந்த அமைதிதான் காதுல இருக்கு. உங்க கதையையும் சொல்லுங்க.

நாலாவது மாடி · இரவு 9:42

மாப்ள, நீங்க அடில போனீங்க, நாங்க டேபிளையே காலி பண்ணோம்.

எங்க ஃப்ளோருக்குப் புதுசா ஒரு மேனேஜர் வந்தார், கேரம் ஆளு. "பந்து ஏன்பா இவ்ளோ ஸ்லோவா ஓடுது"ன்னு கேட்டுட்டு மறுநாள் போரிக் பவுடர் டப்பாவோட வந்துட்டார். கேரம் போர்டுக்குத் தூவற மாதிரி பச்சைத் தரை பூரா தூவி, உள்ளங்கையால தேய்ச்சும் விட்டார். பொம்மைங்களுக்கெல்லாம் முட்டி வரைக்கும் வெள்ளை. ஏதோ கோயில் திருவிழால சுண்ணாம்பு அடிச்ச மாதிரி.

சிரிச்சுட்டே ஆடினோம். ஆட்டம் முடிஞ்சு குனிஞ்சு பார்த்தப்பதான் எனக்கு வயித்தைக் கலக்கிச்சு. பவுடர்ல பந்து போன தடம் கோடு கோடா பதிஞ்சிருந்துச்சு. எதிர்ல ஆடின பையனோட கோடுங்க விசிறி மாதிரி விரிஞ்சு கிடக்கு. என் அஞ்சு ஆள் கம்பி முன்னாடி? ஒரே கோடு. கனமா, ஒரே ஒரு கோடு. அது நேரா போய் அவனோட ரெண்டாவது பொம்மை காலடில முடியுது. முக்கால் மணி நேரமா நான் ஒரே சந்துல அடிச்சிருக்கேன், அவன் ஒரே இடத்துல கம்பியை வச்சுட்டு கூட நிக்கிறவன்கிட்ட அப்ரைசல் பத்திப் பேசிட்டு இருந்திருக்கான். நான் என்னமோ மாத்தி மாத்தி அடிக்கிறதா நினைச்சுட்டு இருந்தேன்.

(அப்புறம் கம்பி இறுகுதுன்னு பேன்ட்ரி அண்ணன் தேங்காயெண்ணெய் விட்டார். பவுடரும் எண்ணெயும் சேர்ந்து கொழுக்கட்டை மாவு. ரெண்டு மாசம் டேபிளைப் பூட்டி வச்சுட்டாங்க.)

மலைக்கோட்டை கோலி · இரவு 10:25

என் கதை ரெண்டு வரி. புனேல ஒரு இன்டர்-ஆபீஸ் போட்டி. ஒருத்தன் ஏழு தடவை பாஸ் பண்ணான், ஏழும் என் அஞ்சு ஆளைத் தாண்டிப் போச்சு. எட்டாவதுக்கு முன்னாடி என்னைப் பார்த்து சிரிச்சான் பாருங்க, அந்தப் பல்லு இன்னும் ஞாபகம் இருக்கு.

விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா மேல ரெண்டு பேருமே தப்பான இடத்தைப் பிடிச்சுட்டு நிக்கறீங்க. மாப்ள, அந்தப் பெரியவர் மந்திரம் எதுவும் பண்ணல. பந்து பின்னாடிலேர்ந்து வருது இல்லையா, மூணு ஆள் கம்பிப் பொம்மையை நேரா நிக்க வச்சா காலு செவுரு மாதிரி, முட்டித் திரும்பும். பாதத்தை எதிராளி கோல் பக்கமா கொஞ்சம் தூக்கி சாய்ச்சு வைங்க. இப்ப காலு பந்து மேல குடை மாதிரி கவிஞ்சு இருக்கும். வர்ற பந்து அந்தக் குடைக்கு அடில நுழைஞ்சு, காலுக்கும் தரைக்கும் நடுவுல சிக்கிக்கும். கூடவே இன்னொண்ணு, பந்து எப்பவும் கோணலாதான் வரும். அது போற திசைலயே கம்பியை ஒரு அரை இஞ்ச் நகர்த்திக் கொடுக்கணும். செவுத்துல எறிஞ்சா திரும்பி வரும், தொங்கற வேட்டில எறிஞ்சா அப்படியே விழும். சத்தம் வராததுக்கு அதான் காரணம்.

அடுத்து பிடி. எல்லாரும் ஸ்கூட்டர் ஆக்ஸிலரேட்டர் மாதிரி கைப்பிடியை இறுக்கறீங்க. இறுக்கினா முழங்கை வரைக்கும் வேலை செய்யும், மணிக்கட்டு செத்துடும். பாஸுக்கு விரல்ல பிடிச்சா போதும்.

பாஸ்ல நான் சொல்றது பிரஷ் பாஸ். பந்தோட முதுகுல நேரா உதைக்கக் கூடாது. பொம்மையைப் பக்கவாட்டுல நகர்த்திட்டே பாதத்தால பந்தைத் தடவி விடணும், தோசைக்கல்லுல வெங்காயத்தால எண்ணெய் தேய்க்கற மாதிரி. அப்ப பந்து கோணலா வெட்டிட்டுப் போகும். எதிராளியோட அஞ்சு ஆள் முன்னாடி உங்களுக்கு ரெண்டே வழிதான். ஒண்ணு செவுத்தை ஒட்டி, இன்னொண்ணு அவனோட முதல் பொம்மைக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல இருக்கற சந்து. ரெண்டையும் ஒரே நேரத்துல அவனால அடைக்க முடியாது. அதனால ரெண்டு பாஸும் ஒரே இடத்துலேர்ந்து, ஒரே மாதிரி ஆரம்பிக்கணும். நாலாவது மாடி, உங்க பவுடர் கோடு சொல்றதும் இதுதான். கண்ணு உங்க பந்து மேல இருந்திருக்கு, அவன் பொம்மை மேல இல்ல.

சர்வதேச டேபிள் சாக்கர் (ஃபூஸ்பால்தான்) கூட்டமைப்பு 2002-ல ஆரம்பிச்சது, அவங்க விதிகளைப் படிச்சா பாஸ் எவ்வளவு முக்கியம்னு தெரியும். அஞ்சு ஆள் கம்பில 10 நொடிக்கு மேல பந்தை வச்சிருக்கக் கூடாது, மத்த கம்பில 15 நொடி. அஞ்சு ஆள் கம்பில பந்தை நிறுத்திட்டா அங்கேர்ந்தே நேரா முன்னாடி தள்ள முடியாது, குறைஞ்சது ரெண்டு பொம்மை மேலயாவது பட்டிருக்கணும். செவுத்துல ரெண்டு தடவைக்கு மேல முட்டி விளையாடவும் கூடாது. ஆக, ரெண்டு பொம்மைக்கு நடுவுல பந்தை அப்படி இப்படித் தட்டி, அந்த ஓட்டத்துலயே பிரஷ் பண்ணப் பழகணும்.

பயிற்சி தனியா செய்யுங்க. எதிர்க் கம்பியை ஒரே இடத்துல நிக்கற மாதிரி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்க. ஐம்பது பாஸ். போன பாஸை எண்ணாதீங்க, நின்ன பந்தை எண்ணுங்க. முதல் வாரம் பத்து நின்னா பெரிய விஷயம். பெல்ஜியத்துக்காரர் ஃப்ரெடெரிக் கொலிஞோன், பல தடவை உலக சாம்பியன், அவர் ஆட்ட வீடியோல கோலைப் பார்க்காம அஞ்சு ஆள் கம்பியை மட்டும் பாருங்க. ஷூட்டிங்கைப் பத்தி நாளைக்கு எழுதறேன்.

சுத்துவேன் அப்படித்தான் · இரவு 10:51

யாருங்க உங்களை எழுதச் சொன்னது? அவர் அனுபவம் கேட்டார், நீங்க டியூஷன் எடுக்கறீங்க.

எனக்கு ஒரு நியாயம் சொல்லுங்க. போன வருஷம் எங்க ஆபீஸ் ஃபைனல். 4-4. நான் சுத்தி அடிச்ச கோல் செல்லாதுன்னுட்டாங்க. அடுத்த பந்துல எதிர் டீம்காரன் பந்தை பாதத்துக்கு அடில அமுக்கினான், கைப்பிடியைப் பிடிக்காம மணிக்கட்டை அது மேல வச்சு உருட்டினான், பொம்மை பின்பக்கமா சுத்தி வந்து பளார்னு அடிச்சுது. அது கோல்! "ஸ்நேக் ஷாட்"டாம். பாம்பு சுத்தினா சரி, நான் சுத்தினா தப்பா? கப்பு கூட வேணாம், அந்த ரெஃப்ரி பையன் "அண்ணா, அது வேற, இது வேற"ன்னு தோளைத் தட்டினான் பாருங்க, அதுதான் தாங்கல.

மலைக்கோட்டை கோலி · இரவு 11:04

வேறதான். பந்தை அடிக்கறதுக்கு முன்னாடியும் சரி, அடிச்ச பிறகும் சரி, பொம்மை 360 டிகிரிக்கு மேல சுத்தக் கூடாது. ஸ்நேக் ஷாட்ல ஏறக்குறைய ஒரு சுத்து, அதோட பந்துல பட்டுடும். உங்களோடது நாலு சுத்து. எண்ணத் தெரியும்ல?

தப்பு சரியை விடுங்க, சுத்தினா உங்களுக்குதான் நஷ்டம். நாலாவது சுத்துல பாதம் பந்தோட எந்த இடத்துல படும்னு உங்களுக்கே தெரியாது, அப்புறம் எதிராளியை எப்படி ஏமாத்துவீங்க?

பாரிஸ் பொடியன் · இரவு 11:38

எல்லாரும் ஒரே மேசையைப் பற்றிக் கதைக்கிற மாதிரிக் கதைக்கிறியள். நான் 2001 இல பிரான்சுக்கு வந்தனான், அப்ப 15 வயது. லா ஷப்பெலில மாமாவின்ர கடைக்குப் பின்னால ஒரு கஃபே, அங்க பொன்சினி எண்ட பிரெஞ்சுக் கொம்பனியின்ர மேசை ஒண்டு கிடந்தது. இஞ்ச இதுக்குப் பேபி-ஃபூட் எண்டு பேர். பந்து தக்கையில செய்தது, பொம்மை உலோகம், தரை லினோலியம். கம்பி ஒண்டுக்குள்ள ஒண்டு மடங்கிப் போகும், மற்றப் பக்கத்தால வந்து வயித்தில குத்தாது. பாசை தெரியாத எனக்கு அந்த மேசைதான் பள்ளிக்கூடம். 'டெமி', 'ரத்தோ', 'கமெல்', இதுகள் தான் நான் முதல் படிச்ச பிரெஞ்சுச் சொல்லுகள்.

விஷயம் இதுதான். ஒரு சனிக்கிழமை, அல்ஜீரியாக்கார வயசாளி ஒருத்தரோட ஆட்டம். 9-9. கடைசிப் பந்து. என்ர மூண்டு ஆள் கம்பியில செவர்ப் பக்கத்து ஆளிட்ட பந்து வந்துது. நடு ஆளுக்குத் தட்டாமல், அந்த ஓர ஆளாலயே மூலையால சீவிவிட்டன். பந்து கோலுக்குள்ள. நான் கையைத் தூக்கிக் கத்திப்போட்டன். ஒருத்தரும் கத்தேல்லை. அந்த மனுசன் என்னை நிமிர்ந்தும் பாக்கேல்லை, பந்தை எடுத்தார், தன்ர காற்சட்டையில ஒருக்காத் துடைச்சார், திரும்ப நடுவில வைச்சார். அவ்வளவுதான். சுத்தி நிண்ட பெடியள் சிரிச்சவங்கள். பிறகுதான் ஒருத்தன் சொன்னான், ஓர ஆளால அடிக்கிறதுக்கு 'பிசெத்' எண்டு பேர், கஃபேயில அது செல்லாது, வெக்கக்கேடான கோல் எண்டு. அடுத்த பந்தில நான் தோத்திட்டன்.

இப்ப எனக்கு நாப்பது வயதாகுது. போட்டி விதியில பிசெத் தடையே இல்லை எண்டு பிறகு அறிஞ்சன். அப்ப அது கோல் தானே? கோல் தான். அந்தாள் பந்தைத் துடைச்ச விதம் மட்டும் இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

மலைக்கோட்டை அண்ணை, குறை நினைக்காதேங்கோ. தக்கைப் பந்து பாதத்தில ஒட்டும், அமுக்கி வைச்சு உருட்டலாம், தடவலாம். ஒஃபிசில இருக்கிற மலிவு மேசையில பந்து வழுவழுப்பான பிளாஸ்டிக், வெளிக்குச் சறுக்கீடும். பொன்சினி, கர்லாண்டோ, லியோன்ஹார்ட், ராபர்ட்டோ ஸ்போர்ட், டொர்னேடோ, ஒவ்வொண்டிலயும் ஆட்டம் வேற. எல்லாத்துக்கும் ஒரே மருந்து குடுக்காதேங்கோ. (உதைக் கண்டுபிடிச்சது தாங்கள் எண்டு பிரெஞ்சுக்காரரும் சொல்லுவினம், ஸ்பானியரும் சொல்லுவினம். காப்புரிமை எடுத்தவர் ஹரோல்ட் தோர்ன்டன் எண்ட இங்கிலீசுக்காரர், 1920களில. கஃபேயில இதைச் சொல்லிப் பாருங்கோ, கோப்பி கிடைக்காது.)

மத்தியகைலாஷ் மாப்ள · இரவு 11:55

பாரிஸ் அண்ணே, நீங்க சொல்ற கோல் கோல்தான், நான் சாட்சி.

மலைக்கோட்டை சொன்ன குடைக் கணக்கு எனக்கு இப்பதான் புரியுது. ஆனா நீங்க "மந்திரம் எதுவும் பண்ணல"ன்னு சொன்னது கொஞ்சம் கடுப்பா இருந்துச்சு. அடில படுத்திருந்தது நான். பொம்மையைச் சாய்ச்சா மட்டும் அந்த அமைதி வந்துடும்னா இந்நேரம் ஊரே அமைதியா இருந்திருக்கணும்.

ராயபுரம் ரிபவுண்ட் · காலை 7:20

நாலாவது மாடி, அந்த பவுடர் மேனேஜர் மேல கோவப்படாதீங்க, கேரம் ஆளுங்க கை பழக்கம் அது. கேரமுக்கு அர்ஜுனா விருது வாங்கின மரிய இருதயம் நம்ம சென்னைக்காரர். 2024-ல அமெரிக்கா போய் மூணு தங்கத்தோட வந்த காசிமா எங்க வடசென்னைப் பொண்ணு. பொம்மையைக் கம்பில கோத்து ஆடற ஆட்டத்தை எங்க தெருல யாரும் ஆட்டம்னே ஒத்துக்க மாட்டாங்க.

இருந்தாலும் சொல்றேன், நானும் ஒருக்கா ஆடினேன், ஒரு மால்ல. செவுத்துல முட்டி வர்ற பந்து எங்க வரும்னு மட்டும் எனக்கு முன்கூட்டியே தெரிஞ்சுது, அது கேரம் ரிபவுண்ட் கணக்கு. ஆனா கை போறதுக்குள்ள ஒரு பன்னண்டு வயசுப் பொடியன் ரெண்டு கோல் போட்டுட்டான். "அங்கிள், பாக்கறீங்க, ஆனா ஆட மாட்றீங்க"ன்னான். இன்னிக்கும் யாராவது அங்கிள்னு கூப்பிட்டா அவன் மூஞ்சிதான் வருது.

வலது தோள் · காலை 10:15

இவ்வளவு நேரம் வாசிச்சுட்டு மட்டும் இருந்தேன். எழுதாம இருக்க முடியல.

பெங்களூரு ஆபீஸ். ஜோடி ஆட்டம். எங்க டீம்ல நான் மட்டும்தான் பொண்ணு, வழக்கம்போல "நீ பின்னாடி கோல் பார்த்துக்கோம்மா"ன்னாங்க. முடியாதுன்னு முன்னாடி நின்னேன். எனக்குத் தெரிஞ்சது புல் ஷாட் ஒண்ணுதான். ஆறு மாசம் அதை மட்டும் பழகினேன், சாயங்காலம் கேப் வர்றதுக்கு முன்னாடி இருக்கற இருபது நிமிஷத்துல. நடு ஆளு பக்கத்துல பந்தை நிறுத்தி, பக்கவாட்டுல என்னை நோக்கி இழுத்து, இழுத்து முடியற இடத்துல அடிக்கறது. முதல் மாசம் பூரா ஒரே தப்பு, இழுத்து முடியறதுக்குள்ள மணிக்கட்டு அவசரப்பட்டு அடிச்சுடும், பந்து சீவிட்டு மூலைக்குப் போயிடும். இழுப்பும் அடியும் ஒரே மூச்சுல வர ஆரம்பிச்சப்ப எதிர்ல நின்ன பசங்க வாயைப் பொத்திக்கிட்டாங்க.

செமிஃபைனல். எதிர் கோல்ல ஒரு சீனியர், அமைதியான ஆளு. பந்து என்கிட்ட. 15 நொடி இருக்கு. பார்க்கறேன், தூரத்து மூலையை நல்லா திறந்து வச்சிருக்கார். ஒரு பந்து என்ன, ரெண்டு பந்து போற அளவுக்கு. அடிச்சேன். நான் அடிச்ச அப்புறம் அவர் நகரல. அதுக்கு முன்னாடியே நகர்ந்துட்டார். என் பந்து போய்ச் சேர்ந்தப்ப அவர் பொம்மை ஏற்கனவே அங்க நின்னுட்டு இருக்கு, பஸ்ஸுக்குக் காத்திட்டிருக்கற மாதிரி. அடுத்த பந்தும் அப்படியே. மூணாவதும்.

ஆட்டம் முடிஞ்சு தண்ணி பிடிக்கற இடத்துல கேட்டேன், "எப்படி சார் தெரிஞ்சுது?" கொஞ்சம் யோசிச்சுட்டுச் சொன்னார், "நீங்க அடிக்கறதுக்கு முன்னாடி உங்க வலது தோள் ஏறுதும்மா. லேசா. நான் டேபிளையே பார்க்கல."

அவ்வளவுதான் சொன்னார். தப்பா ஒண்ணும் சொல்லல. ஆனா அன்னிலேர்ந்து மீட்டிங்ல வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி தோளைத் தொட்டுப் பார்த்துக்கறேன். சம்பளம் பேசப் போன அன்னிக்கும் ஏறிச்சா? கல்யாணப் பேச்சுல மாமியார்கிட்ட "எனக்குப் பிடிச்சிருக்கு"ன்னு சொன்னப்ப? யாருக்குத் தெரியும்.

கண்ணாடி முன்னாடி நின்னு பழகிப் பார்த்தேன். தோள் இறங்கினா மூச்சை இழுத்துப் பிடிக்கறேன். மூச்சை விட்டா உதட்டைக் கடிக்கறேன். ஏதோ ஒண்ணு முன்னாடி ஓடிடுது.

மலைக்கோட்டை கோலி · காலை 10:40

தோளுக்கு ஒரு வழி இருக்கு. நிக்கற இடம் தப்பா இருக்கும். புல் ஷாட்டுக்கு கையை இழுக்க இடம் வேணும், டேபிளை ஒட்டி நின்னா முழங்கை உடம்புல இடிக்கும், அதனால தோள் ஏறித்தான் ஆகணும். அரை அடி பின்னாடி போய், இடது காலை முன்னாடி வச்சு, முழங்கை பின்பக்கமா தாராளமா போற மாதிரி நில்லுங்க. அப்புறம் நொடியை மாத்துங்க. எப்பவும் அஞ்சாவது நொடில அடிக்கறவங்க இருக்காங்க, கோலி, அதாவது கோல் பார்க்கறவன், மனசுல எண்ணிட்டு இருப்பான். ஒண்ணை ரெண்டாவது நொடில அடிங்க, ஒண்ணைப் பன்னண்டுல. இன்னொண்ணு, அவர் திறந்து வச்ச மூலை தூண்டில். நல்ல கோலி எதைத் திறந்து வைக்கறானோ அதைத்தான் மூடத் தயாரா இருப்பான். அவன் நகர்ந்துட்டே இருக்கறப்ப, எந்த இடத்துலேர்ந்து கிளம்பறானோ அந்த இடத்துல அடிக்கணும்...

வலது தோள் · காலை 10:44

சார், நான் ஆலோசனை கேக்கல.

(அரை அடி பின்னாடி நின்னு பார்க்கறேன். நன்றி.)

சுத்துவேன் அப்படித்தான் · காலை 10:58

சிஸ்டர், அந்த சீனியர் உங்களை ஜெயிச்ச அப்புறமும் ரகசியத்தைச் சொல்லிட்டுப் போயிருக்கார் பாருங்க. எனக்குத் தோளைத் தட்டி விட்டதோட சரி.

நானும் நேத்து ராத்திரி யூடியூப்ல ஸ்நேக் பார்த்தேன். சாப்பாட்டு மேஜைல சப்பாத்திக் கட்டையை மணிக்கட்டால உருட்டிப் பார்த்தேன். வீட்டுல என்னன்னு கேட்டாங்க, பாம்புன்னேன். ஒரு மணி நேரமா யாரும் பேசல.

நாலாவது மாடி · மதியம் 1:15

ஒரு விஷயம் கேக்கணும். தேங்காயெண்ணெய் கூடாதுன்னு எங்களுக்குப் பட்டுத் தெரிஞ்சுது. வேற என்ன விடறது? மறுபடி எங்க கம்பி இறுக ஆரம்பிச்சிருக்கு.

பாரிஸ் பொடியன் · மாலை 4:02

சிலிக்கோன் ஸ்ப்ரே. அதுவும் ஒரு துளி, கம்பியில மட்டும். தரையில பட்டால் பந்து வழுக்கும், கைப்பிடியில பட்டால் உங்கட கை வழுக்கும். முதல் பழைய எண்ணெயைத் துணியால வடிவாய்த் துடைச்செடுங்கோ. தேங்காயெண்ணெயைத் தலைக்கு வையுங்கோ.

மத்தியகைலாஷ் மாப்ள · மறுநாள் காலை 9:05

இன்னிக்கு ஏழரைக்கே ஆபீஸ் வந்துட்டேன். ஆள் யாரும் இல்ல, ஹவுஸ்கீப்பிங் அக்கா மட்டும். எதிர்க் கம்பிக்கு ரப்பர் பேண்டு போட்டேன், மூணு ஆளைச் சாய்ச்சு குடை பிடிச்சேன். முதல் பதினஞ்சு பாஸ்ல பந்து குடைக்கு அடில நிக்கவே இல்ல. அப்புறம் கம்பியைக் கூடவே நகர்த்திக் கொடுக்கணும்னு ஞாபகம் வந்துச்சு. இருபத்திரெண்டாவது பாஸ்ல பந்து நின்னுச்சு. சிக்கிக்கிச்சு, அசையல. ஆனா சத்தம் வந்துச்சு. சின்னதா, ஒரு 'டிக்'.

ஐம்பதுக்கு ஒன்பது. சத்தமில்லாதது ஒண்ணு கூட இல்ல. அக்காகிட்ட, டேபிளுக்கு அடில காதை வச்சுக் கேட்டுச் சொல்றீங்களான்னு கேட்டேன். "காலைலயே ஏன் தம்பி"ன்னுட்டு மாப்பை எடுத்துட்டுப் போயிட்டாங்க.

மலைக்கோட்டை கோலி · காலை 9:20

ஒன்பது நல்ல எண்ணிக்கை. பொம்மையோட ஸ்க்ரூ லூஸா இருக்கா பாருங்க. ஆபீஸ் டேபிள்ல நடு ஆளு எப்பவும் ஆடிட்டு இருக்கும், டிக் சத்தம் அங்கேர்ந்து வரலாம். ஒரு ஆலன் கீ வாங்கிட்டு...

மத்தியகைலாஷ் மாப்ள · காலை 9:31

பார்த்துட்டேன். டைட்டாதான் இருக்கு.